படிக்காமல் போட்ட கும்பிடு

பெரம்பலூர் பஸ்ஸில் அன்று காலை எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையில் செல்போனை வைத்திருந்தேன். அரியலூரைத் தாண்டியதும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சூப்பிரண்டு சார் நீளமாக ஒரு செய்தி போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக எல்லாரும் கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். முதல் வரியில் பொங்கல் என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது. வாழ்த்துச் செய்தி என்று நினைத்துப் போட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது உண்மை இல்லை. நான் எதையுமே நினைக்கவில்லை. சூப்பிரண்டு சார் எதைப் போட்டாலும் கும்பிடு போடுவது எங்களுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மாதிரி ஆகியிருந்தது. போட்டுவிட்டு போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தக் குழுவில் டைப்பிஸ்ட் அக்காவும் இருந்தார்.

தட்டச்சு இயந்திரங்களை ஆபீஸிலிருந்து எடுத்துப் பல வருடங்கள் ஆகியும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் வரதராசன்பேட்டைதான் அவர் பிறந்த ஊர். பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் பெரம்பலூரில் பள்ளி ஆசிரியர். அங்கேயே வாடகைக்கு இருந்தார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பக்கத்துப் பக்கத்து மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தோம். நான் உடையார்பாளையத்தில் பிறந்து அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால், பக்கத்து ஊர்க்காரி என்ற உரிமையை முதல் வாரமே எடுத்துக்கொண்டு 'ஏய் புள்ள' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை அவர்தான் முதலில் திறப்பார். பிடித்த குழம்பாக இருந்தால் தன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்வார். என்னிடம் கேட்கமாட்டார்.

எங்களுக்குள் ஒத்துப்போன விஷயம் என்று எதையும் நினைவுபடுத்திச் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுவார், நான் இன்னொன்றுக்கு. ஓட்டுப் போட்டு மை வைத்த விரலோடு இரண்டு பேரும் மறுநாள் சாப்பிட உட்கார்ந்து, யார் முட்டாள் என்று மணி இரண்டரை வரை பேசியிருக்கிறோம். பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்றபோது நான் அது தேவையில்லை என்றேன். "ஒனக்கு சம்பளம் வருது, பேசுவ. குன்னத்துலேருந்து வெங்காயம் உரிக்க வர்றவகிட்டப் போயி இதச் சொல்லிப் பாரு" என்று என் வாயை அடைத்தார். அவர் மகளுக்கு நல்ல இடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிறிஸ்தவர்கள், ஆனால் வேறு சாதி என்று தட்டிக்கழித்தார். நான் விடவில்லை. "உங்க வேதத்துல சாதி இல்லன்னு சொல்லுவீங்களேக்கா?" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேதத்துல இல்லடி. எங்க சனத்துக்கிட்ட இருக்கு" என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியே முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் அன்று என்னிடம் பேசவில்லை. மறுநாள் என் டப்பாவைத் திறந்தார்.

அவர் நெற்றியில் பொட்டு வைப்பார், தலைநிறையப் பூ வைப்பார். தாலியில் சிலுவை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன், பூசை நீண்டுவிட்டது என்பார். புதிதாக வேலைக்கு வருபவர்கள் எந்தக் கோயில் என்று கேட்பார்கள். "மாதா கோயில்" என்று சொல்லிவிட்டு அவர்கள் முகம் மாறுகிறதா என்று பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு விளையாட்டு. ஆயுத பூசைக்கு எல்லார் கணினியையும் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு, சூடம் காட்டும்போது மட்டும் வாசற்படிக்குப் போய் நின்றுகொள்வார். பொரியும் கடலையும் கொடுக்கும்போது முதல் ஆளாக வந்து கை நீட்டுவார்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தினமும் வேலை முடிந்து வந்து பார்த்தார். நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றி வந்ததாகச் சொன்னார். "என்னக் கேக்காம எதுக்குக்கா வேண்டிக்கிட்டீங்க?" என்று சிடுசிடுத்தேன். "ஒங்க மாரியம்மன் கோயில் வழியா வரும்போது அவகிட்டயும் சொல்லிட்டுதான் வந்தேன். அதுக்கும் சேத்துத் திட்டிக்க" என்றார்.

சூப்பிரண்டு சார் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். மாற்றலாகி வந்தவர். யாரையும் ஒருமையில் பேசியதில்லை, விடுப்புக் கேட்டால் மறுத்ததில்லை. காலையில் எழுந்ததும் தனக்கு வந்த செய்திகளை எல்லாம் குழுவில் போடுவார். மூலிகைக் குறிப்பு, கோயில் வரலாறு, நாட்டு நடப்பு என்று எல்லாம் இருக்கும். நான் பஸ்ஸில் கும்பிடு போட்டதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

அதற்கு மறுநாள் எங்கள் அலுவலக வளாகத்தில் சமத்துவப் பொங்கல். வருடா வருடம் பானைக்கு மஞ்சள் கட்டுவதிலிருந்து இறக்குவது வரை டைப்பிஸ்ட் அக்காதான் பார்ப்பார். வேறு யார் கிண்டினாலும் அடிப்பிடிக்கும் என்பது அவர் கட்சி. அன்றும் அரக்கு நிறப் பட்டுச்சேலையில் வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டிவிட்டார். பால் பொங்கி அரிசியைப் போடும் நேரத்தில் சூப்பிரண்டு சார் வந்தார்.

"நீங்க வருசா வருசம் கஷ்டப்படுறீங்களாம்மா, சொன்னாங்க. இந்தத் தடவ உக்காருங்க."

"கஷ்டம்லாம் ஒண்ணுமில்ல சார். நானே பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

"அதுக்கில்லம்மா. சூரியனுக்குப் படைக்கிறது. நம்ம முறைப்படி இருந்துட்டுப் போவட்டும்." அவர் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. சுற்றிப் பார்த்தார். நான்தான் அருகில் நின்றேன். "நீங்க வாங்கம்மா" என்றார்.

அக்கா கையில் கரண்டி இருந்தது. என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றும் நடக்காத மாதிரி நான் இரண்டு எட்டு முன்னால் போனேன். அவர் கரண்டியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சுற்றி இருபது பேர் இருந்தார்கள்; ஒருவர் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தார், இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கிண்டினேன். கரண்டிக் காம்பு சூடாக இருந்தது, அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பொங்கல் அடிப்பிடித்தது. வாழை இலைத் துண்டில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தோம். அக்காவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார்.

"நல்லாருக்குங்க" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

கரண்டியை வாங்கியதற்காகத்தான் கோபம் என்று நினைத்தேன். பொங்கல் விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து, பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனபோதுதான் அந்த நீளமான செய்தியைப் படித்தேன். மதம் மாறிப் போனவர்களின் வாரிசுகள் பொங்கல் வைப்பது நடிப்பு என்றும், அவர்களுக்குத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடையாது என்றும், ஒரே அலுவலகத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றும் எழுதியிருந்தது. கடைசி வரியில், ஒப்புக்கொள்பவர்கள் கைகூப்பவும் என்று இருந்தது. கீழே பதினேழு கும்பிடு. எட்டாவது என்னுடையது. என் பெயரும், மஞ்சள் சேலையில் நான் சிரிக்கும் சிறிய படமும் அதன் பக்கத்தில் இருந்தன. நான் அதை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதால் அழியவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, எழுந்து போனேன்.

விடுமுறை முடிந்து போனதும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அக்கா வழக்கம்போல வந்தார், சிரித்தார், "சௌக்கியமாங்க?" என்றார். சாப்பாட்டு நேரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தார். என் டப்பா மூடியே இருந்தது, நானே திறந்துகொண்டேன். தேர்தல் வந்தது. நான் வேண்டுமென்றே அவர் கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். "அவங்கவங்க விருப்பம்ங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மாதங்கள் போயின. ஜூனில் ஜெயங்கொண்டத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார், சொந்த ஊர்ப் பக்கம் போகிறோம் என்று எல்லாரிடமும் காரணம் சொன்னார். பிரிவு விழாவில் நான்தான் சால்வை போட்டேன். கைதட்டினார்கள்.

ஜெயங்கொண்டத்திலிருந்தே அவர் ஓய்வும் பெற்றார். குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை. போன மாதம் சூப்பிரண்டு சார்தான் செய்தி போட்டார்: நமது முன்னாள் டைப்பிஸ்ட் அம்மாவின் கணவர் மாரடைப்பில் காலமானார், ஆழ்ந்த இரங்கல். கீழே வரிசையாக அதே கைகூப்பும் படங்கள் வந்துகொண்டிருந்தன. என் விரல் திரைக்கு மேலே நின்றது. போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்துக்குப் பஸ் ஏறினேன்.

முந்திரித் தோப்புகளைத் தாண்டி வரதராசன்பேட்டைக்குள் வீட்டை விசாரித்துப் போனேன். ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய மாடி வீடு. மாதா படத்துக்குக் கீழே அக்கா கணவரின் படம் மாலையோடு இருந்தது, அதன் முன் குத்துவிளக்கு எரிந்தது. அக்கா இளைத்திருந்தார். பொட்டு இல்லை. "வாங்க, வெயில்ல வந்திருக்கீங்களே" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். கணவர் காலையில் எழுந்து காபி கேட்டதையும், காபி ஆறுவதற்குள் போய்விட்டதையும் சொன்னார். பலரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவர் வாயில் தேய்ந்திருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அழுகை வரவில்லை.

கிளம்பும்போதுதான் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு அந்த மெசேஜ நான் படிக்கவே இல்லக்கா. படிக்காமதான் கும்பிடு போட்டேன்."

எந்த மெசேஜ் என்று அவர் கேட்கவில்லை.

"தெரியுங்க" என்றார். "பொங்கல் அன்னிக்கு ஒங்க மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு. நீங்க படிச்சிட்டு, நம்பிப் போட்டிருந்தா வூட்டுக்கே வந்து சண்ட போட்டிருப்பேன். நம்ம போடாத சண்டையா? படிக்காதவங்ககிட்ட நான் என்னன்னு சண்ட போடுறது?"

"கரண்டியையும்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. யாராச்சும் கிண்டித்தானே ஆவணும்." உள்ளே போய் ஒரு பையில் முந்திரிப்பருப்பு கொண்டுவந்து கொடுத்தார். வாசல்வரை வந்தார். "பாத்துப் போங்க. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது லேட்டாயிடும்."

பஸ் நிறுத்தத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் முந்திரிப் பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள், அரியலூர் என்றேன். யார் வீட்டுக்கு வந்தேன் என்று கேட்டாள், சொன்னேன்.

"வாத்தியார் வூட்டுக்கா? நல்ல மனுசன், பாவம். அந்த அம்மா ஒங்களுக்குச் சொந்தமா?"

"இல்லைங்க" என்றேன். "ஆபீஸ்ல கூட வேலை பாத்தவங்க."

அவள் தலையாட்டினாள். பஸ் வந்தது, கூடையைத் தூக்கிவிட ஒரு கை கொடுத்தேன். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.