அத்தை வீட்டுக் கல்யாணத்து நீளப்படம்

அத்தை மகள் கல்யாணத்துக்கு வந்த சொந்தம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்துவிட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அதற்காகவே சேலத்தில் போட்டோக் கடையில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு காமிராக்களோடு வெண்ணந்தூர்ப் பக்கம் இருந்த அத்தை ஊருக்கு வந்து இறங்கினார். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

ஒன்று, கண்ணாடித் தகடு போடுகிற மரக் காமிரா. படம் துல்லியமாக விழும். ஆனால் ஒரு தகட்டில் பாதிச் சனம்கூட அடங்காது; பல தகடுகளில் பிடித்து, பிறகு படங்களை ஒட்ட வேண்டும். மற்றது பிலிம் சுருள் போடுவது. சாவி கொடுத்துவிட்டால் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே நீளப்படமாக எடுத்துவிடும். யுத்தம் தொடங்கியிருந்த சமயம். அந்த அளவுச் சுருள் மாமாவிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. யாராவது அசைந்தால் போயிற்று.

அப்பாவுக்குத் தகடே சரி என்று பட்டது. காரணம் துல்லியம் அல்ல. ஒரு வரப்புத் தகராறில் அவரும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகியிருந்தது.

"அவிய ஒரு கண்ணாடியில நிக்கட்டும், நாங்க ஒரு கண்ணாடியில நின்னுக்கறோம். ஒட்டற வேலையே வேண்டாம்" என்றார்.

பெரியப்பாவும் மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார். அத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அத்தை அவர்களுக்கு ஒரே தங்கை. பட்டுச்சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப நான் எந்தக் கண்ணாடியில நிக்கறதுங்கண்ணா?"

மாமா சுருளை எடுத்து மாட்டினார்.

களத்தின் நடுவில் காமிராவை வைத்து, அதைச் சுற்றி எல்லோரையும் அரைவட்டமாக நிறுத்தினார். அப்படி வளைந்து நின்றால்தான் படத்தில் நேர்வரிசையாக விழுமாம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கோடியைப் பிடித்துக்கொண்டார்கள். அரைவட்டத்தின் இரண்டு கோடியும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. மாமா யோசித்தாரா, தெரியாது.

"மிசின் உங்களைத் தாண்டிப் போற வரைக்கும் ஆரும் அசையாதீங்க!"

பெரியப்பா நின்ற கோடியிலிருந்து காமிரா கரகரவென்று திரும்பத் தொடங்கியது. நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நடை பழகியிருந்த என் தம்பி சித்தியிடம் இருப்பதாக அம்மா நினைத்தாள். அம்மாவிடம் இருப்பதாகச் சித்தி நினைத்தாள்.

திடீரென்று எதிர்க்கோடியிலிருந்து பெரியப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காமிராவுக்குப் பின்புறமாக எங்களை நோக்கி ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கைகள் இறுகின. இருந்தும் படம் கெட்டுவிடுமே என்று அவர் அசையவில்லை.

பெரியப்பா எங்களைக் கடந்து பின்னால் போனார். அங்கே சுவர் கட்டாத கிணறு. அதன் விளிம்பில் தம்பி குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் மிரண்டு விழுவான் என்றுதான் பெரியப்பா சத்தமே போடவில்லை. பின்பக்கமாக அவனை அள்ளி எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"கெணத்தோரம் நின்னான்டா" என்றார்.

அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா தம்பியின் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். காமிரா சாவகாசமாக எங்கள் பக்கம் வந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நின்றது.

படத்தை மாமா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பெரியப்பாவும் அங்கே இருந்தார். பாயில் விரித்தோம். முதல் கோடியில் பெரியப்பா விறைப்பாக நின்றார். கடைசிக் கோடியில், தலைப்பாகை கலைந்து, தம்பியை நெஞ்சோடு அணைத்தபடி இன்னொரு பெரியப்பா. பக்கத்தில் அப்பாவின் முகம் புகையாகக் கலைந்திருந்தது.

"கெட்டுப்போச்சுங்க மாமா. தகடு போட்டு மறுக்கா எடுத்துத் தாரேன்" என்றார் மாமா அப்பாவிடம், வருத்தத்தோடு.

"ஒண்ணும் கெடல மாப்ள" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் பெரியப்பா.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கிறார், அப்பாவுக்கு மூக்கு முழியே தெரியவில்லை. இதைப் போய் இருவரும் அப்படிக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோவைப் பற்றி இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.