முகத்துவாரம் வரை வந்த இக்பால் பாய்

செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. மாதனூரில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தேன். முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பி, "சேகரு, நம்ம இக்பால் பாய் விடியக்காலைல போய்ட்டாராம்பா. ஹார்ட் அட்டாக்" என்றார். தையல் பகுதிப் பெண்கள் இரண்டு பேர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இப்பப் போய்ட்டா எப்படி பாய்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அஞ்சலி என்றால் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அவருடைய கொடையைப் பற்றியும் பாட்டுக் குரலைப் பற்றியும் சொல்ல உங்களில் நிறைய பேர் இருக்கிறீர்கள். எங்கள் ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கும் மேஜையில் பல வருடங்கள் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கட்டை விரலை ஒரு தடவை ஓட்டிவிட்டு "இது ஓகே, இது ரிஜெக்ட்" என்று சொல்லிவிடுவார். மேனேஜரையும் கேன்டீன் சாம்பாரையும் அதே வேகத்தில் ரிஜெக்ட் செய்வார். நான் அவ்வப்போது பத்திரிகைகளில் எழுதுவதையும் படித்துப் பார்த்து, "செகண்ட் கிரேடுப்பா, ஆனா தேறும்" என்பார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் முடிவெடுக்காமல் என் உயிரை வாங்கினார். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

அந்த வருடம் மழை கொட்டி, பாலாற்றில் இரு கரை தொட்டுத் தண்ணீர் போனது. ஆம்பூர் பாலத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. சிலர் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். பாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இந்தத் தண்ணி கடல் வரைக்கும் போவுதா, வழியிலயே காலியாவுதா? வா, போய்ப் பாத்துட்டு வந்துர்லாம்" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். ஆற்காட்டில் இறங்கி அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கினார். காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறி, சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு கழன்றுவிட்டது.

கடற்கரை ஊர். பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கலாம் என்றால் பாய் அசையவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே பள்ளிவாசலை ஒட்டிப் போகும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது டீயும் முடிந்தது. திடீரென்று எழுந்து ஆட்டோவைக் கூப்பிட்டார். பக்கத்துக் கிராமமான வாயலூருக்குப் போய், அங்கிருந்து மணலில் நடந்து முகத்துவாரத்தை அடைந்தோம். ஆறு செம்மண் நிறத்தில் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. "நம்ம தண்ணி வந்து சேந்துச்சுப்பா" என்று பாய் கைதட்டினார். மணலில் உட்கார்ந்து மக்கன் பேடா பெட்டியைப் பிரித்து, இருவரும் தின்று தீர்த்தோம். எனக்கு அது சந்தோஷமான நாளாகவே இருந்தது.

அடுத்த வருடம் மறுபடி கூப்பிட்டார். ஆம்பூரில் ஆறு காய்ந்து கிடக்கிறது, என்ன பார்க்கப் போகிறோம் என்று கேட்டேன். "வாயேன், பேஜார் பண்ணாத" என்றார். அதே பஸ்கள், அதே மக்கன் பேடா, அதே டீக்கடை, அதே ஆட்டோ. வாரத்தில் இருக்கும் ஒரே லீவு நாள் பஸ்ஸில் கழிந்தது. திரும்பும் வழியில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பொறுக்க முடியாமல், "பாய், உண்மையச் சொல்லுங்க. அங்க இன்னா இருக்கு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். அந்தப் பள்ளிவாசல் தெருவில்தான் அவருடைய தங்கை ஷமீம் இருக்கிறார். பாயின் மகள் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். வேன் வழியில் நின்றுபோய், பந்தி முடியும் நேரத்தில்தான் வந்தார்கள். அண்டா போன்ற பிரியாணி தேக்சா காலி. ஆம்பூர்க் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் தங்கையின் மாமியார் வீட்டாருக்கு. "கடையில வாங்கியாந்து போட்டேன், சேகர். என் பொண்ணு கல்யாணத்துல, என் தங்கச்சிக்கு, கடை பிரியாணி. சாப்ட்டும் சாப்டாம எழுந்து போய்ட்டாங்க. எந்த மூஞ்ச வெச்சிக்கினு போய் நிப்பேன்?" அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. தங்கையிடமிருந்து போன் வந்தாலும் எடுக்கக் கூசி அப்படியே விட்டிருக்கிறார்.

மூன்றாவது முறை நானே வலியக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை கதவைத் தட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லியே டிக்கெட் எடுத்தேன். தெருமுனைவரை வந்தார். அங்கே நின்று சட்டையைச் சரிசெய்தார். பிறகு, "மொதல்ல முகத்துவாரத்தப் பாத்துட்டு வந்துர்லாம், அப்பறம் நிம்மதியா போலாம்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று முகத்துவாரம் மூடிக் கிடந்தது. அலை ஒதுக்கிய மணல் குறுக்கே மேடாகி, இந்தப் பக்கம் ஆற்று நீர் தேங்கி நின்றது, அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பாத்தீங்களா பாய், எங்கிருந்தோ வந்துட்டு இம்மாந்துண்டு மணலத் தாண்ட முடியாம நிக்கிது. நீங்களும் அதத்தான் பண்ணிக்கினு இருக்கீங்க" என்றேன்.

"நீ எழுதறவன், உனக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். அந்தத் தெருவுல நடந்து பாரு, அப்பத் தெரியும்."

"நான் நடக்கறேன். நான் தட்டறேன். நீங்க பின்னால வந்தா போதும்."

"என் தங்கச்சி வூட்டுக் கதவ நீ தட்டுவியா? நான் இன்னா செத்தா போய்ட்டேன்?" என்று கத்தினார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். திரும்பும் பஸ்ஸில் பாய் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வேலூரில் இறங்கும்போது மட்டும், "ரம்ஜான் முடியட்டும். கண்டிப்பா" என்றார். ரம்ஜான் முடிந்தது, பக்ரீத்தும் வந்து போனது. நான் ஞாபகப்படுத்தும்போதெல்லாம் ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அடக்கத்தன்று ஷமீம் வந்து சேரும்வரை வைத்திருந்து, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஜியாரத் பிரார்த்தனைக்குப் போயிருந்தேன். பாயின் மகன் என்னை உள்ளே அழைத்து, "அத்தை உங்ககிட்ட பேசணுமாம்" என்றான். ஷமீமுக்கு அண்ணனுடைய அதே மூக்கு. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"எங்க ஊருக்கு வந்தாராமே? உங்க கூடவா?"

"மூணு தடவ வந்தோம்மா."

"மூணு தடவையா?" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். "வூட்டுக்கு ஏன் வரல?"

எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் கல்யாணத்தையும் காலியான தேக்சாவையும் கடை பிரியாணியையும் சொன்னேன். அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எதுவும் புரியாதவராகப் பார்த்தார்.

"கடை பிரியாணியா? எனக்கு இன்னா சாப்ட்டோம்னே ஞாபகம் இல்லியே. வேன்லயே மாமியாருக்கு ஜுரம் ஏறிப் போச்சு, அதான் பாதியில எழுந்து கிளம்பிட்டோம். அண்ணங்கிட்ட சொல்லலாம்னு போன் மேல போன் போட்டேன், எடுக்கவே இல்ல. சொல்லாம போய்ட்டோம்னு கோவமா இருக்கார்னு இத்தினி வருஷமா நாங்க பயந்துக்கினு இருந்தோம்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பாய், கேட்டீர்களா? இல்லாத ஒரு அவமானத்துக்காக என்னை எத்தனை பஸ் ஏற வைத்தீர்கள்? ஒரு கதவு, ஒரு தட்டு, அவ்வளவுதானே? இதை உங்களிடம் சொல்லிச் சண்டை போட வேண்டும். யாரிடம் போட?

எழுந்தபோது ஷமீம் கேட்டார்: "நான் வாக்கப்பட்டுப் போனதுலருந்து அந்த ஊர்லதான் இருக்கேன். முகத்துவாரத்த ஒரு நாளும் போய்ப் பாத்ததில்ல. அண்ணன் அங்க எங்க நின்னாருன்னு வந்து காட்றீங்களா?"

சரி என்று சொல்லியிருக்கிறேன். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடம் ஒன்றுதான், அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். இந்த மழையில் மணல் எப்படி மாறியிருக்குமோ தெரியவில்லை. எங்காவது ஓரிடத்தில் ஷமீமை நிறுத்தி, "இங்கதாம்மா நின்னார்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.