காலி டாங்கியும் கழுவிய டாங்கியும்

அறுபதுகளின் கடைசியில், மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் போர்ட் பிளேரில் நடந்தது இது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்து எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. சாத்தம் பக்கத்தில் ஒரு பட்டறையில் மிஸ்திரி வேலை. டிரம், ரேடியேட்டர், எண்ணெய் டாங்கி, எது ஒழுகினாலும் ஈயம் பற்றவைத்து அடைப்பேன். நான் அடைத்தது மறுபடி ஒழுகிப் பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் காலையில் ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு பெங்காலி விவசாயி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அகதியாக வந்து, காடு வெட்டித் திருத்திய நிலத்தில் நெல் போடுகிறவர். அங்கே பல குடும்பங்கள் சேர்ந்து ஓட்டிய பழைய பெட்ரோல் டிராக்டரின் டாங்கியைக் கழற்றி, சாக்கில் சுற்றித் தூக்கி வந்திருந்தார். அடித் தையல் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானப் படகை விட்டால் அடுத்த படகு ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் மழை இறங்கிவிட்டால் அத்தனை பேருடைய உழவும் கெட்டது.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. எண்ணெய் டாங்கியை எடுத்தவுடன் நெருப்புக்கிட்டே கொண்டுபோகக் கூடாது. கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடா கரைத்து ஊற்றி, ஒரு பிடி கூழாங்கல் போட்டுக் குலுக்க வேண்டும். துருவும் கசண்டுமாக வெளியே வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டு, ஓட்டையை ஒட்டிக் கொஞ்சம் இடம் மட்டும் விட்டு டாங்கி முழுக்கத் தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் ஈயம் வைக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்தாலும் அதன் ஆவி உள்ளேயே நிற்கும். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் ஆளைக் கொல்லும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒழுங்காகச் செய்தால் அரை நாள் போய்விடும், படகும் போய்விடும்.

மூடியைத் திறந்தேன். பெட்ரோல் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பெங்காலி தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இந்தத் தீவில் எல்லோரும் பேசுகிற அரைகுறை இந்திதான்.

"சாஃப் ஹை நா?" என்று கேட்டேன். சுத்தமா, அதாவது கழுவியாயிற்றா என்ற அர்த்தத்தில் கேட்டேன்.

"ஏக்தம் சாஃப், மிஸ்திரி," என்றார், முழுக்கச் சுத்தம் என்று.

எனக்கு அது போதுமாக இருந்தது. டாங்கியைக் கவிழ்த்துப் போட்டேன். ஆடாமல் இருக்க அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். நான் தீ ஊதுகிற புளோ லாம்பைப் பற்றவைத்துத் தையலுக்குச் சூடு காட்டினேன்.

டாங்கி வெடித்த சத்தம் கேட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. நான் சுவரோரம் கிடந்தேன், இடது கை வெந்திருந்தது. டாங்கியின் ஒரு பக்கத் தகடு பிய்ந்திருந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தார், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். வலது கண் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து எங்கள் ஃபோர்மேன் அவர் கட்டிலருகே நின்று வாக்குமூலம் எழுதினார். நானும் வெந்த கையில் கட்டோடு நின்றேன். முகமெல்லாம் கட்டோடு அவர் இந்தியில் நிதானமாகச் சொன்னார். மிஸ்திரி சரியாகத்தான் கேட்டார். சோற்றுப் பானையில் ஒன்றும் மிச்சமில்லையென்றால் எங்கள் வீட்டில் சாஃப் என்போம். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை என்று நினைத்து நானும் சாஃப் என்றேன். அவர் கழுவியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். தப்பு என்னுடையது.

ஃபோர்மேன் எழுதி முடித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போர்ட் பிளேர் டாலிகஞ்சில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன், நெடி அடித்ததையும் சேர்த்து. சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சிக்கிட்டு எதுக்குங்க அவருகிட்ட கேட்டீங்க?"

எதற்குக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். பொறுப்பை அவர் தலையில் இறக்கிவைக்கத்தான் கேட்டேன். அவர் ஆமாம் என்றுவிட்டால் அப்புறம் என்மேல் குற்றமில்லை அல்லவா?

"பழிய அந்த மனுசன் மேல போட்டுட்டு உங்களுக்குச் சோறு எறங்குதா?" என்றாள். இறங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைத் திறந்தபோதே நெடி அடித்தது, தெரிந்தேதான் சூடு காட்டினேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் அதே அரைகுறை இந்தியில் மெல்லச் சொன்னார்: "நெடி எனக்கும் அடிச்சது. பயமாவும் இருந்துச்சு. மிஸ்திரி பக்கத்துல இருக்காரே, அவருக்குத் தெரியாதான்னுதான் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். அவர் என் கையைப் பிடிக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

அங்கிருந்து நேராக ஃபோர்மேனிடம் போய் உண்மையைச் சொல்லி மாற்றி எழுத வைத்தேன். வேலை போயிற்று. வேறு இடத்தில் சேர ஆறு மாதம் ஆனது, அதுவரை வீட்டில் பாதிக் கஞ்சிதான். பட்டறையை விட்டு வெளியேறுவதற்கு முன்னால் அந்த டாங்கியை எடுத்து, ஒற்றைக் கையால் நாள் முழுக்கச் சோடாத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அலசினேன். பிய்ந்த தகட்டைப் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, தையலைச் சுற்றி ஈயம் வைத்து, அடுத்த படகில் நானே ஹேவ்லாக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் கொடுத்து நான்கு நாள் கழித்துத்தான் மழை வந்தது. உழவு நடந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இதே தொழில்தான் செய்தேன், நல்ல பெயரும் எடுத்தேன். ஆனாலும் யாராவது "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிக்கொண்டு நம்பிக்கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இன்றைக்கும் முதலில் அவரை எட்டிப் போய் உட்காரச் சொல்லிவிடுகிறேன்.