ஜாதகம் வாங்கிப் போன ஏஜெண்ட்

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில். மாட்டுச் சந்தை கூடும் குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குக் கல்யாணமாகி, இடுப்பில் முதல் குழந்தை இருந்த நேரம்.

ஒருநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் தோல்பையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். பேச்சில் பாதி கன்னடம். சந்தையில் பழக்கம் என்று என் வீட்டுக்காரர் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தார். நான் தொட்டியை விட்டு நகரவே இல்லை. காது முழுக்க அங்கேதான் இருந்தது.

வந்தவர் என் வீட்டுக்காரரின் பேரைக் கேட்டார், சரி. அப்பா அம்மா பேரைக் கேட்டார். அப்பா எதனால் செத்தார் என்று கேட்டார். உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்! டேப்பை எடுத்து மார்பை அளந்தார். கடைசியில், வயசுக்கு அத்தாட்சி வேண்டும் என்று ஜாதகத்தையே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகிற போக்கில் சைக்கிளடியில் இருவரும் ஏதோ தாழப் பேசினார்கள்; என் பேரையும் எழுதிக்கொண்டது மட்டும் தெரிந்தது.

பேர், நட்சத்திரம், பெற்றவள் பேர், மச்சம். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் ஒருவன் கேட்டால் சூனியம் வைக்கத்தான் கேட்பான். அதற்குப் பேர்போன ஊர், கன்னடம் பேசும் கொள்ளேகால். இந்த ஆளோ கன்னடம் பேசுகிறான். கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பங்காளியோடு அடிதடி வரை போயிருந்த சமயம் வேறு. அவன்தான் ஏவிவிட்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அது இன்சூரன்சுடி. நாளைக்கு நான் செத்தா பணம் குடுப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"வாயைக் கழுவுங்க! நீங்க செத்தா எவனோ எதுக்குப் பணம் குடுக்கணும்? அவனுக்கு என்னா லாபம்?" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கம்பளி மேல் கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. நான் சந்தேகப்பட்டது சரியாகிப்போயிற்று! ஆஸ்பத்திரி நினைப்பே எனக்கு வரவில்லை. மந்திரித்துத் தாயத்துக் கட்டினேன், வேப்பிலை அடித்தேன். அவர் கண் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஐயோ, இந்த வயசில் கையில் பிள்ளையோடு நிற்கப்போகிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சந்தை நாள் வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாட்டுச் சந்தை ஓரத்தில் அந்த ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தார். போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

"எம் புருசன் ஜாதகத்தக் குடுய்யா! அவரு சாவக் கெடக்கறாரு. வச்சதை எடுத்துட்டுத்தான் நீ இங்கிருந்து போவணும்!"

கூட்டம் கூடிவிட்டது. "யாருய்யா நீ? அந்தப் பொம்பளை கேக்கறாங்க இல்ல?" என்று மாட்டுத் தரகர் ஒருவர் மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு முன்னால் வந்தார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அடி விழுந்திருக்கும்.

கோட்டுக்காரர் கோபப்படவில்லை. பையைத் திறந்து ஜாதகத்தை என் கையில் கொடுத்தார். பிறகு கோட்டைக் கழற்றி, சட்டையை விலக்கி, தோளைக் காட்டினார்.

"நோடம்மா, இதப் பாருங்க, இதுதான் என் மச்சம். என் நட்சத்திரம் திருவோணம்." தன் பேரையும், தாயார் பேரையும் கூட்டத்துக்கு நடுவிலேயே சொன்னார். "இப்போ என் உசுரும் உங்க கையில இருக்குது. சரிதானா? அவருக்கு என்னா செய்யுது, அதைச் சொல்லுங்க முதல்ல."

குளிர், நடுக்கம், விட்டு விட்டுக் காய்ச்சல் என்று நான் சொன்னதும், "இது மலேரியா மாதிரி இருக்குதம்மா" என்று அவரே ஒரு வண்டியைப் பேசினார். எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ஆள் சொன்னது சரி, மலேரியாதான். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அப்போதும் என் புத்தி அடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன்: "அண்ணா, எம் பேரை எதுக்கு எழுதினீங்க?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா எழுதச் சொன்னாரு. அண்ணன் தம்பி பேரு போடட்டுமான்னு கேட்டேன். வேணாம், நான் இல்லாட்டி இவ யார் கையையும் எதிர்பார்த்து நிக்கக் கூடாது, பணம் இவ கைக்கே வரணும்னாரு."

என்னை 'ஏய்' என்று கூப்பிடுவதைத் தவிர வேறு கொஞ்சல் அறியாத மனிதர் அவர். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

உடம்பு தேறிய பிறகு நானே ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த அண்ணனிடம் கொடுத்தேன். வீட்டுக்காரர் அதற்குப் பின் வெகுகாலம் நன்றாக இருந்தார். அந்த அண்ணன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர், மறுபடி பார்க்கவே இல்லை.

யாராவது என் விவரம் கேட்டால் எனக்கு இன்றும் முதலில் சந்தேகம்தான் வரும். ஆனால் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது, என் பிள்ளைகளின் பேர், நட்சத்திரம் சொல்லி முடித்ததும், திருவோண நட்சத்திரத்தில் பிறந்த அந்த அண்ணனின் பேரையும் சொல்லாமல் நான் திரும்புவதில்லை.