மூன்று தட்டு

மே மாதத்தில் பியானோக் கட்டைகள் வழுக்கும். சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய ஹாலில், காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுழற்றிய மின்விசிறியின் கீழே, கைக்குட்டையால் விரலையும் கட்டையையும் மாறிமாறித் துடைத்தபடி காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை நாங்கள் வாடிய அந்தக் கோடைக்கு ‘தேறியவர்களுக்கான தீவிரப் பயிற்சி’ என்று பெயர். பன்னிரண்டு மாணவர்கள், ஒரே பியானோ. முறை வராதவர்கள் பெஞ்சில் சாக்பீஸால் கட்டைகள் வரைந்து அதில் வாசிப்போம். வாழ்க்கையில் நான் தப்பே விடாமல் வாசித்தது அந்தப் பெஞ்சில்தான்.

நான் தேறியவன் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். பயிற்சிக்கு ஆள் எடுக்க, ஒரு பாட்டை வாசித்துக் கேசட்டில் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்தது ஒரு சின்ன கீபோர்டு; அதன் இடது மூலையில் சுருதி ஏற்றும் பட்டன். கறுப்புக் கட்டைகள் குறுக்கிடும் பாட்டைக்கூட வெள்ளைக் கட்டைகளிலேயே சொகுசாக வாசிக்கலாம், பட்டனை மூன்று தட்டு தட்டிவிட்டால் சுருதி தானாக உரிய இடத்துக்கு ஏறிக்கொள்ளும். தாம்பரத்துச் சர்ச்சுகளில் நான் வேடிக்கை பார்த்த அண்ணன்மார் அப்படித்தான் வாசித்தார்கள். அதுதான் சங்கீதம் என்று நானும் நம்பிவிட்டேன்; கேசட்டிலும் அப்படியே பதிந்து அனுப்பினேன்.

முதல் நாள் பியானோ முன் உட்கார்ந்ததும் என் விரல் பட்டனைத் தேடிப் போனது. மரம்தான் இருந்தது.

“இன்னா மச்சான், சுவிட்ச தேடுறியா? இதுக்கு கரண்ட்டே வேணாம்டா” என்றான், ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் யூசுப்.

ஸ்டெல்லா மிஸ் சிரிக்கவில்லை. “கடைசி நாள் கச்சேரில, எழுதியிருக்கற சுருதியிலயே வாசிக்கணும். இல்லன்னா சர்டிபிகேட் கிடையாது” என்றார்.

அதற்குள் அப்பா, தன் பாத்திரக்கடைக்குக் குடம் வாங்க வந்தவர்களைக்கூடக் கச்சேரிக்கு அழைத்துவிட்டிருந்தார். சர்டிபிகேட்டை மாட்டுவதற்குக் கல்லாவுக்கு மேலே ஆணியும் அடித்தாயிற்று. நாலு வாரம் அந்தக் கறுப்புக் கட்டைகளை விரல்களுக்குப் புகட்டினேன். காய்ச்சல் வரட்டும் என்று ஐஸ்கட்டியாகத் தின்று பார்த்தேன், பசிதான் வந்தது.

கச்சேரி நாளில், முன்வரிசையில் அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்த நொடியில் நாலு வாரமும் வியர்வையோடு வழிந்து போயிற்று. என் விரல் மரத்தை மூன்று முறை தட்டியது. பிறகு முழுப் பாட்டையும், ஒரு பிசிறில்லாமல், வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்து முடித்தேன். ஹால் அதிரக் கைதட்டினார்கள், எழுதிய சுருதியில் வாசிக்கவில்லை என்பது மிஸ்ஸுக்கும் எங்கள் பன்னிரண்டு பேருக்கும்தான் தெரியும்.

“மூணு தடவை தட்டினியே, மரம் கேட்டுச்சா?” என்றார் மிஸ். சர்டிபிகேட் தரவில்லை.

பஸ்ஸில் அப்பா, “எல்லாரையும் விட உனக்குதான்டா கைதட்டு ஜாஸ்தி. சர்டிபிகேட் எங்க?” என்றார்.

“போஸ்ட்ல வரும்ப்பா.”

அந்த வருஷம் முழுக்க அவர் போஸ்ட்மேனை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிறகு கேட்பதை விட்டார், ஆணியைப் பிடுங்கவில்லை.

அந்த ஹால் இப்போது ஜிம். பியானோ எங்கே போயிற்றோ தெரியாது. முடி நரைத்து, இடுப்பு பிடித்து, நான் இன்னும் கல்யாண ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் கீபோர்டில் எல்லா எழுத்தும் பளிச்சென்று இருக்க, அந்த ஒரு பட்டனில் மட்டும் எழுத்து தேய்ந்துவிட்டது. கடையில்லை, அப்பாவும் இல்லை. சர்டிபிகேட் மட்டும் இன்னும் போஸ்ட்டில் வந்துகொண்டே இருக்கிறது.