சூரியனில் ஒட்டிய அம்பு

"செவ்வாய். அப்பா சூரியன் மேலேயே ஒட்டிவிட்டார்." காலண்டர் அட்டையிலிருந்து வெட்டியெடுத்த படத்தின் பின்பக்கம், ஆறாம் வகுப்புக் கையெழுத்தில் நான் எழுதிய குறிப்பு இது, தேதித் தாள்கள் என்றோ கிழிந்துபோனதால் எந்த ஆண்டு என்று சொல்ல முடியவில்லை. முகர்ந்தால் இன்னும் லேசாகப் பசை வாடை வருகிறது.

அப்பா ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார் கதவுகளின் பெயின்டைச் சோதிப்பவர். குழல்விளக்கின் கீழ் சாய்வாகப் பார்த்து, திட்டோ தூசியோ இருந்தால் அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். படப்பையில் ஒரு கடைக்காரர் கொடுத்த காலண்டரில் வெளிநாட்டு ஏரி ஒன்றின் ஓவியம் இருந்தது. அதையும் கதவைப்போலவே சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாது இது, திட்டு திட்டா கீது? லைன்ல வந்தா ரிஜெக்ட்டு" என்று, சட்டைப்பையில் கிடந்த அம்புகளில் நாலைந்தை ஒட்டினார்.

"வூட்லயும் ஓ.டி. பாக்குறியா? வாசலாண்ட போய் நின்னு பாருய்யா" என்றாள் அம்மா.

வாசலிலிருந்து பார்த்தபோது, கிட்டத்தில் வெறும் ஊதாவும் சாம்பலுமாகக் கிடந்த தீற்றல்கள் ஒன்றோடொன்று கலந்து நீராயின. பனிமூட்டம் மெல்ல நகர்வதுபோல் இருந்தது. ஒற்றை ஆரஞ்சுத் தீற்றல் சூரியனாகி, தண்ணீரில் உடைந்து உடைந்து கீழே இறங்கியது. ஆளற்ற அந்த வெளிச்சத்தில் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. அப்பா அதை விடியல் என்றார், நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது நம் ஊர் ஏரி இப்படித்தான் இருக்கும் என்று. அம்மா சாயங்காலம் என்றாள். ஞாயிறுதோறும் அதே "லடாய்".

பிறகு, அப்பா சரியென்று அனுப்பிய கதவுகள் திட்டோடு திரும்பி வரத் தொடங்கின. தொழிற்சாலையில் கண் பரிசோதனைக்கு முந்தின நாள், அந்தச் செவ்வாய், படத்துக்கு வெகு கிட்டத்தில் நின்று கேட்டார்:

"பாப்பா, சூரியன் எங்க கீது?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அவர் விரலைப் பிடித்து ஆரஞ்சின் மேல் வைத்தேன். அங்கே ஓர் அம்பை ஒட்டினார்.

மறுநாள் பரிசோதனையில் அவர் தேறவில்லை. கண் நரம்புக் கோளாறு, போன பார்வை திரும்பாது என்றார்கள். அந்த வாரமே வேலை போயிற்று. அன்றும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

இப்போது அப்பா இல்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் வாடகை அறைகள் வரிசையாக நிற்கின்றன. பஸ்ஸிலிருந்து தண்ணீர் தெரிவதில்லை. மற்ற அம்புகள் உதிர்ந்துவிட்டன. சூரியன் மேல் ஒட்டியது மட்டும் வெளிறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரல் வைத்தால் தட்டுப்படுகிறது. சூரியனையும் ஒரு குறை என்று ஒட்டினாரா, பார்வை போன பிறகு விரலால் தடவிக் கண்டுகொள்ளவா? அம்மாவைக் கேட்டேன், தெரியாது என்றாள். இதுவரை உறுதியாகவில்லை.