பலகைமேல் இருந்த குர்ஆன்

ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தும் கப்பல் ஏறாதவர் ஷேக் மைதீன். வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். எடையில் யாரையும் ஏமாற்றியதில்லை. ஆயுளில் அவர் திருடியது பள்ளிவாசல் குர்ஆன் ஒன்றைத்தான். விலைக்கு வாங்க வக்கில்லாமல் அல்ல. பள்ளியில் ஓதிய குர்ஆன் கடையில் இருந்தால் பரக்கத்து கொட்டும், வியாபாரம் பெருகும் என்ற பேராசை. பச்சைத் துணியில் சுற்றிக் கல்லாவுக்கு மேலே பலகையில் வைத்தார். தினமும் ஊதுபத்தி காட்டினாரே தவிர, பிரித்து ஓதியதில்லை. வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது.

1977இல் ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் வழக்கப்படி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் குர்ஆனைப் பள்ளிக்கு எடுத்துப்போனார். இமாம் கையில் வாங்கவில்லை.

"இது நசீராம்மா குடுத்தது. அவங்க மன்னிக்காம அல்லா மன்னிக்க மாட்டான், பாய்."

நசீராவின் ஒரே மகன் தற்கொலை செய்துகொண்டவன். அவனுக்கு மறுமையில் மன்னிப்பே இல்லை என்று ஊர் வாய்கூசாமல் சொன்னது. நாலு பேர் ஓத ஓத அவனுக்கு நன்மை சேரட்டும் என்றுதான் அவள் அந்தக் குர்ஆனைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போது ஷேக் மைதீன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததும் துணியைப் பிரித்தாள். தாள்கள் ஈரம் கோத்து ஒட்டிக் கிடந்தன.

"ஓதுனீங்களாண்ணே?"

"இல்லம்மா. பரக்கத்துக்கு வச்சிருந்தேன்."

"அப்ப இத்தினி வருசமா எம் புள்ளைக்கு ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரல."

"தப்புதாம்மா. அல்லாவே மன்னிக்கிறவன். நீயும் மன்னிச்சிடு."

"அல்லா வேணா மன்னிக்கட்டும். அவனுக்குப் புள்ள கெடையாது. நான் பெத்தவ."